கால் சென்ட் தகராறு: சிட்னி ஹில்மனின் வாழ்க்கை வழியே கூட்டுப் பேரத்தைப் புரிந்துகொள்வோம்

1910 செப்டம்பர் 22. அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஹார்ட் ஷாஃப்னர் அண்ட் மார்க்ஸ் என்ற பெரிய ஆண்கள் உடை நிறுவனத்தின் ஐந்தாம் எண் தையல்கூடம். பை தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு அதுவரை ஒன்றுக்கு 4 சென்ட் கூலி. இனி மூன்றே முக்கால் சென்ட்தான் என்று நிர்வாகம் சொன்னது. ஹன்னா ஷாபிரோ என்ற இளம்பெண் எழுந்து வெளியே நடந்தார். அவரோடு பதினைந்து பதினாறு பெண்கள் போனார்கள். ஆண்கள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களில் நகரம் முழுவதும் சுமார் 40,000 தையல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு கால் சென்ட்டுக்காக 40,000 பேரா என்று தோன்றலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால், 'கூட்டுப் பேரம்' என்று தொழிற்சங்கத்தார் சொல்வதன் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியை, அதே நிறுவனத்தில் துணி வெட்டப் பழகிக்கொண்டிருந்த சிட்னி ஹில்மன் என்ற 23 வயது இளைஞரின் வாழ்க்கை சொல்லும். வேலைநிறுத்தங்களைப் பற்றி நிறைய எழுதுகிறோம். அவை முடிந்த மறுநாள் காலையில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றிக் குறைவாகவே எழுதுகிறோம். ஹில்மன் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த மறுநாளுக்காகவே செலவிட்டார்.

முதலில் கால் சென்ட் கணக்கு. நம் தையல் நிலையங்களில் பீஸ் ரேட் என்பார்களே, அதே முறைதான். மாதச் சம்பளம் கிடையாது. தைத்த உருப்படிகளின் எண்ணிக்கைக்குத்தான் கூலி. 4 சென்ட்டில் கால் சென்ட் குறைந்தால் வருமானத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விடும். அதைச் சரிக்கட்ட இன்னும் வேகமாகத் தைக்க வேண்டும். வேகமாகத் தைத்தால், இவ்வளவு தைக்க முடிகிறதே என்று அடுத்த முறையும் விகிதத்தைக் குறைப்பார்கள். இந்தச் சுழலில் அகப்பட்டவருக்குத் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை. கூலியைக் குறைத்தவரும் மேற்பார்வையாளர்தான். முறையிட வேண்டியதும் அவரிடம்தான். தனியாகப் போய்க் கேட்டால், பிடிக்கவில்லை என்றால் போய்விடு என்பார். வாசலில் நேற்று கப்பலில் வந்து இறங்கிய பத்துப் பேர் வேலை கேட்டு நிற்பார்கள்.

அந்தப் பத்துப் பேரும், உள்ளே இருக்கும் ஆயிரம் பேரும் சேர்ந்து ஒரே குரலில் கேட்டால் நிலைமை மாறும். ஒருத்தியை வெளியேற்றலாம், எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் ஆலை ஓடாது. இப்படித் தொழிலாளர்கள் தனித்தனியாக இல்லாமல் ஓர் அமைப்பாக நின்று கூலி, வேலை நேரம், வேலை நிலைமை ஆகியவற்றை முதலாளியோடு பேசி ஒப்பந்தம் செய்துகொள்வதுதான் கூட்டுப் பேரம். சொல்வதற்கு எளிது. அந்த ஒப்பந்தத்தைப் பெற ரத்தம் சிந்த வேண்டியிருந்த காலம் அது. சிகாகோ வேலைநிறுத்தத்தில் உயிர்ப்பலிகளும் நேர்ந்தன.

ஹில்மன் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதையும் பார்த்துவிடுவோம். 1887 மார்ச் 23 அன்று, அப்போது ரஷ்யப் பேரரசின் பகுதியாக இருந்த லித்துவேனியாவின் ஜகரே என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சிம்கா. வியாபாரத்தைவிடப் படிப்பிலும் வழிபாட்டிலும் மனம் கொண்ட தந்தை. மகன் யூத மதகுருவாக வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம். பதினான்கு வயதளவில் அவரைக் கோவ்னோ நகருக்கு அருகிலிருந்த ஸ்லோபோட்கா மதப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். இன்று அந்த நகரின் பெயர் கௌனாஸ்.

இத்தகைய பாடசாலைகளில் மாணவர்கள் தல்மூத் என்ற சட்ட விவாதத் தொகுப்பை இருவர் இருவராக உட்கார்ந்து படிப்பார்கள். ஒருவர் ஒரு பக்கம் வாதிடுவார், மற்றவர் எதிர்ப்பக்கம். அந்த நூலில் வென்ற கருத்தோடு தோற்ற கருத்தும் எழுதிவைக்கப்பட்டிருக்கும். ஹில்மன் மதகுரு ஆகவில்லை, படிப்பை விட்டுவிட்டார். ஆனாலும் எதிர்த்தரப்பின் வாதத்தைக் கடைசிவரை கேட்பது, தீர்ப்பை எழுதிவைப்பது, அதை முன்னுதாரணமாகக் கொள்வது ஆகிய பழக்கங்கள் அங்கேதான் அவருக்குள் வேர்விட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அவர் செய்தவற்றைப் பார்க்கும்போது இதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை.

பாடசாலையை விட்டவர் 1903இல் புந்த் என்ற யூதத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்தார். 1897இல் வில்னாவில் தொடங்கிய புந்த், ஜார் அரசால் தடைசெய்யப்பட்ட இயக்கம். 1904இல் கோவ்னோ தெருக்களில் மே தின ஊர்வலத்தை முன்னின்று நடத்தியபோது ஹில்மனுக்கு வயது 17. கைது, சில மாதச் சிறை. 1905 புரட்சி தோற்று அடக்குமுறை இறுகியபோது, 1906இல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குத் தப்பினார். அங்கே அவருடைய மாமா குடும்பம் இருந்தது. மறு ஆண்டே கப்பலேறி அமெரிக்கா வந்தார். சிகாகோவில் முதலில் சியர்ஸ் ரோபக் நிறுவனத்தில் எடுபிடி வேலை. பிறகு ஹார்ட் ஷாஃப்னரில் துணி வெட்டும் பயிற்சியாளர்.

1881க்கும் முதல் உலகப் போருக்கும் இடையில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் இருபது லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். ரஷ்யப் பேரரசில் அவர்கள் குறிப்பிட்ட மாகாணங்களுக்கு வெளியே வசிக்க முடியாது. நிலம் வாங்குவதற்கும் பல தொழில்களுக்கும் தடை. ஊசியும் நூலும் அவர்களுக்குத் திறந்திருந்த வழிகளில் ஒன்று. அதனால்தான் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் தையல்கூடங்கள் யூதர்களால் நிரம்பின. அவர்களுக்குப் பக்கத்து இருக்கைகளில் இத்தாலியர்கள், போலந்துக்காரர்கள், செக் மக்கள், லித்துவேனியர்கள். பல நேரங்களில் முதலாளியும் யூதரே. ஹார்ட் ஷாஃப்னர் நிறுவனமும் அப்படித்தான். ஒரே இனம், ஒரே மதம் என்பதால் கூலி கூடிவிடவில்லை.

1910 போராட்டத்தின் உண்மையான தலைவர்களில் ஒருவர் பெஸ்ஸி அப்ரமோவிட்ஸ். இன்றைய பெலாரஸில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து 1905இல் வந்த பெண். பொத்தான் தைக்கும் தொழிலாளி. தையல்கூடம் ஒன்றில் எதிர்ப்புக் காட்டியதற்காகக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர், பெயரை மாற்றிக்கொண்டு வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வெளிநடப்பு செய்த முதல் குழுவில் அவரும் உண்டு. ஹில்மன் அவருக்குப் பிறகுதான் போராட்டத்தில் சேர்ந்தார்.

இங்கே ஒரு சிக்கல். தையல் தொழிலாளர்களுக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது: யுனைடெட் கார்மென்ட் ஒர்க்கர்ஸ். அதன் தலைமை அமெரிக்காவிலேயே பிறந்த, தனித்திறன் பெற்ற தொழிலாளர்களின் கையில் இருந்தது. ஆங்கிலம் தெரியாத குடியேறிகளை அது நம்பவில்லை. அதன் தலைவர் தாமஸ் ரிக்கர்ட் முதலாளிகளோடு பேசி முடித்துவந்த உடன்பாடுகளைத் தொழிலாளர்கள் திரும்பத் திரும்ப நிராகரித்தார்கள். ஜேன் ஆடம்ஸ் என்ற சமூக சேவகியும் அவர் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தின் நண்பர்களும் போராட்டத்துக்குத் துணைநின்றார்கள். குளிர்காலம் நடுப்பகுதிக்கு வந்தது. 1911 ஜனவரி 14 அன்று ஹார்ட் ஷாஃப்னர் நிறுவனம் மட்டும் இறங்கிவந்தது. வேலைக்குத் திரும்புவோரைப் பழிவாங்குவதில்லை, குறைகளை ஒரு நடுவர் குழு விசாரிக்கும் என்று ஒப்புக்கொண்டது. அந்தக் குழுவில் தொழிலாளர்கள் சார்பில் அமர்ந்தவர் புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. நகரின் மற்ற நிறுவனங்களில் தொழிலாளர்கள் பிப்ரவரியில் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.

அந்த ஒரு நிறுவனத்தில் அடுத்த சில ஆண்டுகளில் நடந்ததுதான், எனக்கு இந்தக் கதையிலேயே மிக முக்கியமான பகுதி.

ஒப்பந்தம் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. புதுப் பாணியில் ஒரு கோட்டு வருகிறது. அதன் காலரைத் தைக்க என்ன கூலி? ஒரு பெண் மெதுவாக வேலை செய்கிறாள் என்று மேற்பார்வையாளர் வெளியே அனுப்புகிறார். உண்மையில் மெதுவா, அல்லது அவள் எதிர்த்துப் பேசியதற்குத் தண்டனையா? இத்தகைய கேள்விகள் தினமும் எழும். ஒவ்வொன்றுக்கும் வேலைநிறுத்தம் செய்தால் தொழிலாளி பட்டினி கிடப்பார். ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டால் ஒப்பந்தம் வெறும் தாள். ஆகவே ஒப்பந்தத்துக்குப் பொருள் சொல்ல ஓர் அமைப்பு வேண்டும்.

1912இல் ஹார்ட் ஷாஃப்னரில் அப்படி ஓர் அமைப்பு உருவானது. புகார் எழுந்தால் முதலில் சங்கத்தின் பிரதிநிதி ஒருவரும் நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் தையல்கூடத்துக்கே போய் விசாரிப்பார்கள். சங்கத்தின் தலைமைப் பிரதிநிதி ஹில்மன். எதிர்ப்பக்கத்தில் நிறுவனம் நியமித்தவர் ஏர்ல் டீன் ஹோவர்ட் என்ற பொருளியல் பேராசிரியர். இந்த நிலையில் தீராதது, இரு தரப்புக்கும் சம எண்ணிக்கையில் ஆட்களும் பொதுவான ஒரு தலைவரும் கொண்ட தொழில் வாரியத்துக்குப் போகும். அங்கும் மனநிறைவு இல்லையென்றால் மேல்முறையீடாக நடுவர் குழு. அதன் தலைவர் ஜான் வில்லியம்ஸ். இல்லினாய் மாநிலத்தின் ஸ்ட்ரீட்டர் ஊரைச் சேர்ந்த முன்னாள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1909இல் செர்ரி சுரங்கத் தீவிபத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு பெற்றுத்தந்த பேச்சுவார்த்தையால் மதிப்புப் பெற்றவர். தீர்ப்புகள் எழுதப்பட்டன, அடுத்த வழக்குக்கு வழிகாட்டின. வழக்கு நடக்கும்போது வேலை நிற்கக் கூடாது. கூலி விகிதத்தை மேற்பார்வையாளர் தன் இஷ்டத்துக்குத் தொட முடியாது. 1910இல் ஹன்னா ஷாபிரோவுக்கு இல்லாதிருந்த கதவு இதுதான்.

நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவரான ஜோசப் ஷாஃப்னர் பின்னர் அரசு விசாரணைக் குழு ஒன்றின் முன்னால் இதையே ஒப்புக்கொண்டார். சின்னச் சின்னக் குறைகளையும் கீழ்மட்ட அதிகாரிகளின் கொடுமைகளையும் எடுத்துச்சொல்லித் தீர்த்துக்கொள்ளத் தொழிலாளர்களுக்கு வழியே இல்லாமல் போனதுதான் அந்த வேலைநிறுத்தத்தின் அடிப்படைக் காரணம் என்றார்.

இன்னொரு கேள்வியும் இருந்தது. சங்க உறுப்பினர்களை மட்டுமே வேலைக்கு எடுக்க வேண்டும் என்று சங்கம் விரும்பும். யாரையும் எடுக்கத் தனக்கு உரிமை வேண்டும் என்று முதலாளி விரும்புவார். பல இடங்களில் பேச்சுவார்த்தை முறிந்ததே இந்த இடத்தில்தான். 1913 ஒப்பந்தத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டார்கள்: ஆள் எடுக்கும்போதும் குறைக்கும்போதும் சங்கத்தினருக்கு முன்னுரிமை, சங்கத்தில் தகுந்த ஆள் கிடைக்காவிட்டால் நிறுவனம் வெளியிலிருந்து எடுக்கலாம்.

இந்த ஏற்பாடு ஹில்மனிடம் கேட்ட விலையையும் சொல்ல வேண்டும். வழக்கில் தோற்றால் தன் ஆட்களிடம் போய், நாம் தோற்றுவிட்டோம், தீர்ப்பை ஏற்று வேலைக்குப் போங்கள் என்று சொல்ல வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு அழைக்கும் தலைவருக்குக் கைதட்டல் கிடைக்கும். இதைச் சொல்லும் தலைவருக்கு வசைதான் கிடைக்கும். இடதுசாரிகள் சிலர் இதை முதலாளியோடு செய்துகொண்ட சமரசம் என்றார்கள். அந்த வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால், தன் புகாரை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு எழுத்தில் பதில் தருவது முன்பு கனவிலும் இல்லாத ஒன்று.

1914இல் ஹில்மன் நியூயார்க்கில் பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தில் பணியேற்றிருந்தார். அக்டோபரில் நாஷ்வில் நகரில் கூடிய யுனைடெட் கார்மென்ட் ஒர்க்கர்ஸ் மாநாட்டில், சந்தா பாக்கி என்று சொல்லிக் குடியேறிகளின் கிளைப் பிரதிநிதிகள் பலருக்கு இருக்கை மறுக்கப்பட்டது. அவர்கள் வெளியேறித் தனியாகக் கூடி, அங்கே இல்லாத ஹில்மனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெஸ்ஸி உள்ளிட்ட நண்பர்கள் தந்தியடித்து அவரை ஒப்புக்கொள்ள வற்புறுத்தினார்கள். அந்த டிசம்பரில் அமால்கமேட்டட் கிளாதிங் ஒர்க்கர்ஸ் என்ற புதிய சங்கம் பிறந்தது. வெட்டுபவர், தைப்பவர், இஸ்திரி போடுபவர் என்று பிரிக்காமல் தொழில் முழுவதையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த சங்கம் அது. லண்டனில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த இன்னொரு யூதரான சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலிருந்த அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு இதைப் போட்டிச் சங்கம் என்று சொல்லி, 1933 வரை சேர்த்துக்கொள்ளவில்லை.

ஹில்மனும் பெஸ்ஸியும் 1916 மே தின ஊர்வலத்தில் கைகோத்து நடந்து தங்கள் உறவை ஊருக்கு அறிவித்து, இரண்டு நாளில் திருமணம் செய்துகொண்டார்கள்.

சங்கம் வேகமாக வளர்ந்தது. 1919இல் வாரத்துக்கு 44 மணி நேர வேலையை வென்றது. 1920இல் உறுப்பினர்கள் ஒன்றே முக்கால் லட்சத்தை எட்டினார்கள். அந்த ஆண்டு இறுதியில் நியூயார்க் முதலாளிகள் ஆலைகளை இழுத்துப் பூட்டினார்கள். ஆறு மாதக் கதவடைப்பைத் தாண்டியும் சங்கம் உடையவில்லை.

1923இல் சிகாகோவில் முதலாளியும் தொழிலாளியும் கூலியில் ஆளுக்கு ஒன்றரை சதவீதம் செலுத்தும் வேலையிழப்புக் காப்பு நிதி தொடங்கப்பட்டது. அமெரிக்க அரசு அப்படி ஒரு சட்டம் கொண்டுவர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. அதே 1923இல் நியூயார்க்கில் சங்கத்தின் சொந்த வங்கி திறந்தது. அது இன்றும் இயங்குகிறது. 1927இல் பிராங்ஸ் பகுதியில் சுமார் 300 குடும்பங்களுக்குக் கூட்டுறவுக் குடியிருப்பு எழுந்தது. வெளிச்சமே எட்டாத வாடகை அறைகளில் வாழ்ந்தவர்கள் பூங்காவின் ஓரத்தில் குடியேறினார்கள். கூலி பேசுவதோடு சங்கத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை என்பதில் ஹில்மனுக்கு அவ்வளவு உறுதி.

1929க்குப் பிறகு வந்த பெருமந்தம் ஒரு பாடம் கற்பித்தது. ஒரு நிறுவனத்தோடு நல்ல ஒப்பந்தம் போட்டாலும், பக்கத்து மாநிலத்தில் அரைக்கூலிக்கு ஆள் கிடைத்தால் வேலை அங்கே போய்விடும். ஆகவே கூலி இதற்குக் கீழே போகக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு தரைமட்டம் வேண்டும், அதைச் சட்டத்தால்தான் போட முடியும். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசில் ஹில்மன் ஆலோசகரானார். 1935இல் வந்த வாக்னர் சட்டம், கூட்டுப் பேரத்தை அரசு காக்கும் உரிமையாக்கியது. முதலாளி பேச மறுப்பது சட்ட மீறலானது. அதே ஆண்டு சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஜான் லூயிஸோடு சேர்ந்து, எஃகு, வாகனம், ரப்பர் போன்ற பேராலைகளின் தொழிலாளர்களைத் திரட்டும் சி.ஐ.ஓ. அமைப்பை ஹில்மன் உருவாக்கினார். 1938இல் அவர் பாடுபட்ட நியாயமான உழைப்புத் தரச் சட்டம் நிறைவேறியது. மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி, வாரத்துக்கு 44 மணி நேர வரம்பு, அதைப் படிப்படியாக 40 ஆக்குவது, குழந்தைத் தொழிலுக்குக் கட்டுப்பாடு ஆகியவை அதில் இருந்தன. விவசாயத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் அது விட்டுவிட்டது. அன்றைய கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும் பங்கினர் அந்த வேலைகளில்தான் இருந்தார்கள். இந்தக் குறையை மறைத்துவிட்டு அந்தச் சட்டத்தைப் புகழ முடியாது.

போர்க்காலம் அவரைச் சோதித்தது. ஆயுத உற்பத்தியைக் கவனிக்க 1941 ஜனவரியில் அமைந்த அலுவலகத்தில், ஜெனரல் மோட்டார்ஸிலிருந்து வந்த வில்லியம் நுட்சனுக்கு இணையாக ஹில்மன் அமர்ந்தார். ஜூனில் கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட்டில் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். அதை உடைக்க ரூஸ்வெல்ட் ராணுவத்தை அனுப்பினார். ஹில்மன் அதை ஆதரித்தார். பதினேழு வயதில் ஜார் ஆட்சியின் காவலர்களுக்கு முன்னால் ஊர்வலம் நடத்தியவர் அவர். தோழர்கள் பலர் அவரை மன்னிக்கவில்லை. படைவீரர்களை ஏவித் தொழிலாளர்களை விரட்டியது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஹிட்லரை எதிர்க்க ஒவ்வொரு விமானமும் வேண்டும் என்று அவர் நம்பியதற்கு இருந்த காரணத்தையும் பார்க்க வேண்டும். இங்கிள்வுட் நிகழ்ந்த இரண்டே வாரங்களில் நாஜிப் படைகள் லித்துவேனியாவுக்குள் நுழைந்தன. அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று, யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூரையொட்டி, ஜகரேயில் 2,200க்கும் மேற்பட்ட யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பிறந்த ஊரின் யூத சமூகம் அன்றோடு அழிந்தது.

1944 தேர்தலில் சி.ஐ.ஓ.வின் அரசியல் குழு ஹில்மன் தலைமையில் ரூஸ்வெல்ட்டுக்காக வீடு வீடாக வாக்குத் திரட்டியது. துணை ஜனாதிபதி வேட்பாளரை முடிவுசெய்யும் முன், எல்லாவற்றையும் சிட்னியிடம் கேட்டுவிடுங்கள் என்று ரூஸ்வெல்ட் சொன்னதாக ஒரு செய்தி வெளியானது. எதிர்க்கட்சியினர் அந்த வாசகத்தைப் பெரிய விளம்பரப் பலகைகளில் எழுதிவைத்தார்கள். வெளிநாட்டில் பிறந்த ஒரு யூதர் உங்கள் நாட்டை ஆட்டிவைக்கிறார் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். அமெரிக்காவில் 37 ஆண்டுகள் உழைத்த பிறகும் அவர் அந்நியர் என்றே சுட்டப்பட்டார். ரூஸ்வெல்ட் வென்றார்.

ஏற்கெனவே பழுதாகியிருந்த இதயம் 1946 ஜூலை 10 அன்று நின்றது. அப்போது ஹில்மனுக்கு வயது 59.

அதே ஆண்டு சங்கம் பெஸ்ஸியைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. திருமணத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் அவர் இரண்டு மகள்களை வளர்த்தார். பென்சில்வேனியாவின் சட்டைத் தையல்கூடங்களில் பெண்களைத் திரட்டினார். 1910இல் ஐந்தாம் எண் கூடத்திலிருந்து ஹன்னா ஷாபிரோவோடு வெளியே நடந்தவர், 1970இல் இறக்கும்வரை அந்தச் சங்கத்தின் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.